சார்ட் பெட்டி எழாத பத்து நாட்கள்

மார்ச் 4, திங்கள்

இன்று வந்து சேர்ந்தவை: குடை ஏழு, சாப்பாட்டு டப்பா மூன்று, இடது கால் செருப்பு ஒன்று, பல்செட் ஒன்று. பல்செட்டைப் பஸ்ஸில் விட்டுவிட்டு ஒரு மனுஷர் எப்படி இறங்கிப் போவார் என்று எனக்குப் புரியவில்லை. சீட்டு எழுதி, நூலில் கட்டி, அலமாரியில் வைத்தேன்.

நாலு மாதமாக இதுதான் என் உத்தியோகம். பஸ் டிப்போவின் கண்டெடுத்த பொருள் அறை. ஜன்னல் கிடையாது. மின்விசிறி உண்டு, சுற்றுவதுதான் கிடையாது. இதற்கு முன்னால் ஆறு வருஷம் மாடியில் உட்கார்ந்து அறுபத்திரண்டு வண்டிக்கும் டூட்டி சார்ட் போட்டவள் நான். எந்த டிரைவர் எந்த வண்டியில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும், யாருக்கு என்றைக்கு ஓய்வு, எல்லாவற்றையும் ஒரு புரோகிராமாக எழுதி, ஒரு பட்டனைத் தட்டினால் மறுநாள் சார்ட் வந்து விழுகிற மாதிரி செய்தேன். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, கடைசியில் கண்ணாடி போடுகிற நிலைக்கு வந்து முடித்த வேலை.

அதைத் தலைமை அலுவலகத்தில் தான் செய்ததாகக் காட்டிக் கேடயம் வாங்கி வந்தார் எங்கள் மேலாளர். மகராசன். என் பெயரையும் ஒரு ஓரமாகப் போட்டிருக்கலாமே சார் என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். "டைப் அடிச்சவங்க பேரையெல்லாம் கேடயத்துல போட முடியுமாம்மா?" என்றார், பத்துப் பேர் முன்னால். எல்லாரும் சிரித்தார்கள். மறுவாரம் இந்த அறை.

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை, மறக்கவும் போவதில்லை. என்றைக்காவது அந்த ஆள் இந்த வாசலில் வந்து நின்று, "ஏம்மா, மேல கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட வேண்டும். அதைப் பார்க்காமல் இந்த வேலையை விடமாட்டேன்.

மார்ச் 6, புதன்

கடவுள் இருக்கிறார்.

நேற்று சாயங்காலம் மின்சாரம் போய் வந்ததே, அதோடு சார்ட் பெட்டி, அதாவது என் புரோகிராம் ஓடுகிற மாடிக் கம்ப்யூட்டர், படுத்துவிட்டது. டைம் கீப்பர் அக்கா வந்து சொன்னார். வண்டிகள் உள்ளே வெளியே போகிற நேரத்தைக் குறிப்பவர் அவர். டிப்போவில் யார் தும்மினாலும் அவருக்குத் தெரியும். "கறுப்புத் திரை, அதுல ஒரே ஒரு வரி. டிஸ்க்கையே காணோங்குதாம். மகராசன் மூஞ்சியப் பாக்கணுமே, வெளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி."

"அப்படியா" என்றேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல் குடைகளை எண்ணினேன். ஏழு குடையை மூன்று தரம் எண்ணினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே வீட்டுக்காரர் கேட்டார், "என்ன, மூஞ்சியில பல்பு எரியுது?" சொன்னேன். அவரும் சிரித்தார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது. எத்தனை நாளைக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டேன்.

மார்ச் 7, வியாழன்

ஒப்பந்தக் கம்பெனியிலிருந்து டெக்னீஷியன் வந்தார். யு.எஸ்.பி. டிரைவிலிருந்து பெட்டியை எழுப்பி, உள்ளே இருப்பதைச் சரிசெய்வது அவருடைய திட்டம். டிரைவைச் செருகினாராம், பெட்டி கண்டுகொள்ளவில்லை. முன்பக்கத்தில் செருகினார், பின்பக்கத்தில் செருகினார், வேறொரு டிரைவைப் போட்டார். பெட்டி மனுஷருக்கு நன்றாகத் தண்ணி காட்டியிருக்கிறது.

எப்படி எழும்? பூட்டியவள் நானல்லவா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புண்ணியவான் சினிமா ஏற்றிய டிரைவை அதில் செருகி, வைரஸ் வந்து அரை மாதச் சார்ட்டைத் தின்றது. அன்றைக்கே, பெட்டி எதிலிருந்து எழ வேண்டும் என்று தீர்மானிக்கிற செட்டப்புக்குள் போய், யு.எஸ்.பி.யிலிருந்து எழவே கூடாது என்று மாற்றினேன். அந்த செட்டப்பை யாரும் தொடாதபடி அதற்கும் ஒரு கடவுச்சொல் போட்டேன். இடம் மாற்றியபோது நான் கொடுத்த ஒப்படைப்புப் பட்டியலில் பதினோராவது வரி இப்படி இருக்கும்: 'செட்டப் கடவுச்சொல்: என்னிடம் நேரில் கேட்டுப் பெறவும்.' மகராசன் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். என் பிரதி பத்திரமாக இருக்கிறது. இன்று எடுத்து இரண்டு தரம் படித்தேன். நல்ல கையெழுத்து.

டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டிப் பார்க்கலாம். ஆனால் பெட்டி மேலே தலைமை அலுவலகத்தின் சீல் இருக்கிறது. அதை உடைக்க அங்கிருந்து கடிதம் வர மூன்று வாரம் ஆகும். நான் வாராவாரம் நகல் எடுத்து வைத்த டிரைவ் எங்கே என்று அக்காவிடம் கேட்டேன். கேடய விழாப் படங்களை ஏற்றுவதற்காக அதைத் துடைத்துவிட்டார்களாம்.

சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

மார்ச் 8, வெள்ளி

மகராசன் கையால் சார்ட் எழுதுகிறார். ஒரே டிரைவரை ஒரே மணிக்கு இரண்டு வண்டியில் ஏற்றியிருக்கிறார். ஒரு வருஷமாக முகம் பார்த்துப் பேசாத இரண்டு பேரை ஒரே வண்டியில் டிரைவராகவும் கண்டக்டராகவும் போட்டிருக்கிறார். வண்டி எப்படிப் போயிற்றோ. எல்லாருக்கும் விடுப்பு ரத்து. எழுதுய்யா, கை நோக நோக எழுது.

மார்ச் 9, சனி

டெக்னீஷியன் மறுபடி வந்தார். படிக்கட்டில் மறித்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி விசாரித்தேன்.

"செட்டப்புக்குள்ள போய் எல்லாம் மாத்திட்டேங்க. யு.எஸ்.பி.யத்தான் முதல்ல வெச்சிருக்கேன். ஆனா டிரைவ் லிஸ்ட்லயே வர மாட்டேங்குது" என்றார்.

பச்சைப் புளுகு. என் கடவுச்சொல் இல்லாமல் செட்டப்புக்குள் போனாராம். கடவுச்சொல் கேட்டு மூக்கறுபட்டதை ஒரு பொம்பளையிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சம் போலிருக்கிறது. "பாவம், நல்லாப் பாருங்க" என்று அனுப்பி வைத்தேன்.

ஒரு வார்த்தை. எட்டே எழுத்து. என் தலைக்குள் இருக்கிறது. வந்து கேட்கட்டும். சும்மா கேட்டால் போதாது, அந்தப் பத்துப் பேரையும் கூட்டி வைத்துக் கேட்க வேண்டும்.

மார்ச் 11, திங்கள்

பத்தாம் நம்பர் அண்ணன் வந்தார். பதினாறு வருஷமாகப் பத்தாம் நம்பர் வண்டியை ஓட்டுகிறார். அவருடைய சொந்தப் பெயர் டிப்போவில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். போகும்போது மூச்சு வாங்கும், வரும்போது தலை சுற்றும், ஆள் பிடித்துக்கொள்ளாமல் அண்ணியால் படி இறங்க முடியாது. பிள்ளைகள் இல்லை.

இதெல்லாம் மகராசனுக்குத் தெரியாது. தெரிந்தால் சட்டம் பேசுவார். வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு எந்த விதியிலும் கிடையாது. அதனால் என் புரோகிராமில் யார் கண்ணிலும் படாமல் ஒரு பத்தி வைத்திருந்தேன். 'காரணம் கேட்காதே' என்று அதற்குப் பெயர். முதுகுவலிக்காரருக்குக் குலுங்குகிற வண்டி வேண்டாம், கைக்குழந்தைக்காரிக்குக் கடைசி வண்டி வேண்டாம், பத்தாம் நம்பர் அண்ணனுக்குச் செவ்வாய் வெள்ளி வேண்டாம். மற்ற நாட்களில் கூடுதல் நடை கொடுத்து நேர்செய்துவிடும். நான் போன பிறகும் பெட்டி அதைப் பார்த்துத்தான் சார்ட் போட்டுக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டம்மா கூட்டிட்டுப் போனாங்க. நாளைக்கு அவங்களுக்கு வேலை" என்றார். "நாளைக்கும் எனக்குக் காலை டூட்டி போட்டிருக்காரு. மாத்திக்க ஆளில்ல. லீவு கேட்டா, ரெண்டு வாரத்துக்கு எல்லாரும் ஒத்துழைக்கணும்கிறாரு. ஏற்கெனவே ஒரு மெமோ இருக்கு என் மேல. எப்ப சரியாகும் தங்கச்சி அந்தப் பெட்டி?"

"எனக்கென்னண்ணே தெரியும், என்னைத்தான் கீழ தள்ளிட்டாங்களே."

இதைச் சொன்னது நான்தான். எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் நான் என்ன செய்ய? நானாகப் போய் மாடிப்படி ஏறினால், டைப் அடித்தவள் வாலைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள் என்பார்கள். இன்னும் இரண்டே நாள். கேட்காமல் எங்கே போகப் போகிறார்?

மார்ச் 12, செவ்வாய்

பத்தாம் நம்பர் 6.10க்குக் கிளம்பியது. ஓட்டியவர் யார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

மார்ச் 13, புதன்

வீட்டுக்காரரோடு சண்டை. அண்ணன் வந்துபோனதை ஏன் சொன்னேனோ.

"போய் அந்த வார்த்தையச் சொல்லிட்டு வந்துடு. ஒரு நிமிஷ வேலை" என்றார்.

"உங்களைப் பாத்து யாராவது அப்படிச் சிரிச்சிருந்தா தெரியும்."

"சிரிச்சது அந்த ஆளு. நீ யாரை அழ வெச்சிட்டிருக்கே?"

தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். இந்த மனுஷருக்கு என்ன தெரியும்? ஆறு வருஷம். ஆறு வருஷத்தை மகராசன் ஒரே வாக்கியத்தில் துடைத்துப் போட்டாரே, அதை விட்டுவிட முடியுமா? விட்டுவிட்டால் நான் யார்? நூலில் சீட்டுக் கட்டுகிறவள். அவ்வளவுதான்.

விடமாட்டேன்.

மார்ச் 14, வியாழன்

மகராசன் என் அறைக்கு வந்தார்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் நிழல் தெரிந்தது. "ஏம்மா" என்றார். எழுந்திருக்கக் கூடாது என்று நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். நாலு மாதமாக ஒத்திகை பார்த்து வைத்த பதில் நாக்கு நுனியில் நின்றது.

"ஆள் வராத குடை ஏதாவது இருந்தா ஒண்ணு குடும்மா. கார் வரைக்கும் போகணும்."

கம்பி உடைந்த குடையாகப் பார்த்துக் கொடுத்தேன். ஒரு பக்கம் முழுக்க நனைந்துகொண்டேதான் போனார். அதுவும் போதவில்லை. பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னிடம் கேட்கலாம் என்றுகூட அந்த ஆளுக்குத் தோன்றவில்லை. கேட்க நினைத்தும் கௌரவம் பார்த்துக் கேட்காமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. தோன்றவே இல்லை!

அப்படியே கிடக்கட்டும் பெட்டி. துருப்பிடிக்கட்டும்.

மார்ச் 15, வெள்ளி

அண்ணியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை அவர் போகவே இல்லையாம். ஒரு நாள்தானே, வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். இன்றும் அண்ணனுக்குக் காலை டூட்டி. மத்தியானம் வந்து கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டு வண்டி எடுத்திருக்கிறார். பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டம்மா எதேச்சையாகப் போய்ப் பார்த்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாராம். நுரையீரலில் நீர். தீவிர சிகிச்சையில் இருக்கிறார். அண்ணன் பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

டைம் கீப்பர் அக்கா இதைச் சொல்லும்போது அழுதார். நான் அழவில்லை. எனக்கு அழ என்ன யோக்கியதை.

நாளைக்கு விடிந்ததும் மாடிக்குப் போகிறேன்.

மார்ச் 16, சனி

ஏழு மணிக்கே மாடிக்குப் போனேன். அக்காதான் கதவைத் திறந்து விட்டார். டெக்னீஷியனும் வந்திருந்தார், டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார். பவர் பட்டனை அழுத்தி, செட்டப்புக்குள் போகிற பட்டனைத் தட்டினேன். கடவுச்சொல்லை அடிக்கத் தயாராக விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.

கேட்கவில்லை.

கடவுச்சொல் கேட்காமலே செட்டப் திறந்துகொண்டது. திரையின் மூலையில் தேதி இருந்தது: ஜனவரி ஒன்று, பதினைந்து வருஷத்துக்கு முந்தைய ஆண்டு. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பெட்டிக்குள் இருக்கிற சின்னப் பாட்டரி செத்துவிட்டது. நாணயம் அளவு இருக்கும். கரண்ட் போனாலும் செட்டப்பை நினைவில் வைத்துக்கொள்வது அதுதான். ஐந்தாம் தேதி மின்சாரம் போனபோதே பெட்டி எல்லாவற்றையும் மறந்து, புதிதாக வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிட்டது. நான் போட்ட தடையும் போயிற்று, கடவுச்சொல்லும் போயிற்று. டெக்னீஷியன் புளுகவில்லை. உள்ளே போயிருக்கிறார், யு.எஸ்.பி.யை முதலில் வைத்திருக்கிறார், எல்லாம் சொன்ன மாதிரியே செய்திருக்கிறார்.

பெட்டி எழுவதற்குப் பழசு, புதுசு என்று இரண்டு முறை உண்டு; வாங்கிய அன்று இருந்தபடி அது புது முறைக்குத் திரும்பியிருந்தது. எங்கள் டிஸ்க் பழைய முறையில் ஏற்றியது, அவருடைய டிரைவும் பழைய முறையில் தயாரித்தது. இரண்டையும் அது கண்ணெடுத்துப் பார்க்காது. இரண்டாவது பக்கத்தில் ஒரு வரி. அதைப் பழைய முறைக்கு மாற்றினேன், சேமித்தேன். டிரைவைச் செருகவே தேவைப்படவில்லை. பெட்டி தானாகவே எழுந்து வந்தது. என் புரோகிராம், என் பத்தி, எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

நாலு நிமிஷம்.

"அட, இதை நான் பாக்கவே இல்லையே. எங்க டிரைவ் எல்லாப் பெட்டியிலயும் எழுமுங்க" என்றார் டெக்னீஷியன், வெட்கத்தோடு. அவரைத் திட்டக்கூட வாய் வரவில்லை.

பத்து நாளாக எந்தப் பூட்டின் சாவியை வைத்துக்கொண்டு துள்ளிக்கொண்டிருந்தேன்? மகராசன் குரல்வளையில் என் கை இருக்கிறது என்றல்லவா நினைத்தேன்? அங்கே பூட்டே இல்லை. ஆறாம் தேதி வந்திருந்தாலும் நாலு நிமிஷம்தான். தேதியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்திருக்கும்.

மார்ச் 18, திங்கள்

என் நாற்காலி திரும்பக் கிடைத்துவிட்டது. "நீயே இருந்து பாத்துக்கம்மா" என்றார் மகராசன். மன்னிப்பு இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பத்து நாள் அறுபத்திரண்டு வண்டியையும் கைச் சார்ட்டிலேயே ஓட்டியதற்காகத் தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது. கேடயத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார்.

நான் பழிவாங்கியதில் அந்த மனுஷருக்கு ஒரு மயிர் கருகவில்லை.

மார்ச் 21, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதான் சரி பண்ணினியாமே, நல்லா இரும்மா" என்றார். கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் அன்னைக்கே சொன்னேனே" என்றாவது அவர் கேட்டிருக்கலாம்.

மார்ச் 27, புதன்

அண்ணி இன்று காலை இறந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டது என்கிறார் டாக்டர். அந்தச் செவ்வாய்க்கிழமை சுத்திகரிப்பு விட்டுப்போனதால்தானா என்று அண்ணன் கேட்டாராம். சொல்ல முடியாது என்றாராம்.

ஏப்ரல் 15, திங்கள்

பத்தாம் நம்பர் அண்ணன் இன்று வேலைக்கு வந்தார். நேராக மாடிக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றார். முகம் பாதியாகிவிட்டது.

"இனிமே செவ்வாய் வெள்ளி எனக்கு டூட்டி போட்டுடு தங்கச்சி. அந்த ரெண்டு நாளும் வீட்ல உக்காந்திருக்க முடியல" என்றார்.

சொல்லிவிட்டேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. "அன்னைக்கு நீங்க வந்து கேட்டப்பவே அந்தப் பெட்டிய எழுப்ப எனக்குத் தெரியும்ணே. நான் வந்திருந்தா நாலு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். அந்த ஆள் கெஞ்சட்டும்னு வேணும்னே உக்காந்திருந்தேன்." அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"சார்ட்ல செவ்வாய்க்கிழமை போட்டுட்டாங்கன்னு வந்து சொன்னேன் அவகிட்ட. அதுக்கு அவ, அந்தப் பொண்ணு நம்மள மறக்கறவ இல்லையே, அவளுக்கே ஏதோ உடம்புக்கு முடியலபோல, போய் விசாரிச்சிட்டு வாங்கன்னா. அதுக்குத்தான் அன்னைக்கு உன் ரூமுக்கு வந்தேன். கேக்க மறந்துட்டேன்."

நடந்து போய்விட்டார். படியில் இறங்குகிற சத்தம் கடைசி வரைக்கும் கேட்டது.

பத்தியைத் திறந்து அவர் வரியை எடுத்துவிட்டேன். நாளை செவ்வாய். பத்தாம் நம்பர், காலை 6.10.